வடதுருவம் பார்க்க வேதாரண்யம் போங்கள்



ஏப்ரல் 18ஆம் தேதியை ஒட்டிய ஒரு நாளில், பகல் 12 மணி 13 நிமிட அளவில், தஞ்சாவூரில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு வைத்தால் அதற்கு நிழல் இராது. சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழலில்லா நாள் என்று உங்களில் பலர் பள்ளி மைதானத்தில் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். (பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்கிறார்களே, அது வெறும் கதை. ஏதேனும் ஒரு நாள் மாலையில் போய்ப் பாருங்கள். நிழல் நீளமாகப் படுத்திருக்கும்.) ஆகஸ்ட் 24ஐ ஒட்டி மறுபடியும் இதே நிகழ்ச்சி நடக்கிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது.

இப்போது உலகப் படத்தில் வடக்கே போங்கள். நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில் நி-ஆலசுன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் சுமார் 1,200 கிலோமீட்டர்தான். கோடையில் அங்கே நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலம் எப்போது தொடங்குகிறது தெரியுமா? ஏப்ரல் 18ஐ ஒட்டி. எப்போது முடிகிறது? ஆகஸ்ட் 24ஐ ஒட்டி!

இது தற்செயல் அல்ல. தஞ்சாவூரின் அட்சரேகை ஏறத்தாழ 10.8 பாகை. நி-ஆலசுனின் அட்சரேகை 78.9 பாகை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 90க்கு வெகு அருகில் வரும். ஆகவே நம் ஊரில் நண்பகலில் சூரியன் உச்சியைத் தொடும் அதே நாளில், அந்த ஊரில் நள்ளிரவில் அது அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு தாளில் வட்டம் போட்டு, சூரிய ஒளி வரும் திசையில் ஒரு கோடு இழுத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். நான் விளக்குவதைவிட நீங்களே போட்டுப் பார்ப்பது மேல்.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. வடதுருவச் சுற்றுலா இப்போது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்வால்பார்டுக்கும் கிரீன்லாந்துக்கும் பயணக் கப்பல்கள் போகின்றன. பனிக்கரடி, நள்ளிரவுச் சூரியன், செப்டம்பர் இரவின் துருவ ஒளி என்று படங்கள் கைபேசியில் வந்து குவிகின்றன. "வாழ்நாளில் ஒரு தரமாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் சார்" என்று என் வகுப்பு மாணவர்கள் சொல்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வளரும் ஒரு மாணவன் ஆர்க்டிக் கோடையையும் அதன் இலையுதிர் காலத்தையும் அறிந்துகொள்ள முதலில் ஏற வேண்டியது விமானத்தில் அல்ல, வேதாரண்யம் பஸ்ஸில். சிரிக்காதீர்கள். கணக்கோடுதான் பேசுகிறேன்.

முதலில் அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

ஜூன் 21ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். வளி மண்டலத்தின் மேல் விளிம்பில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு சூரிய சக்தி வந்து சேர்கிறது என்று 24 மணி நேரத்துக்குச் சராசரி போட்டால், தஞ்சைக்கு நேர் மேலே சுமார் 430 வாட் வருகிறது. நி-ஆலசுனுக்கு மேலே சுமார் 515 வாட்! நம்மைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். நம் சூரியன் உயரத்தில் நின்று சுடுகிறது. ஆனால் அன்று நமக்குப் பகல் 12 முக்கால் மணி நேரம்தான். அங்கே சூரியன் 35 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆனால் 24 மணி நேரமும் விடுப்பு எடுக்காமல் வேலை செய்கிறது. மெதுவாக நடப்பவன் நிற்காமல் நடந்து முந்திவிடுகிறான்.

அப்படியானால் அங்கே ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை ஏன் 5, 6 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகவில்லை? சாய்வாக வரும் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியிலேயே கொஞ்சம் போய்விடுகிறது. புதுப் பனி தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சம் இருப்பது பனியை உருக்கச் செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை அதே 0 டிகிரியில் நீராக்க 80 கலோரி வேண்டும். அந்த 80 கலோரியைக் கொண்டு ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம்! உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்து மார்க் வாங்குகிறோமே, ஆர்க்டிக்கின் மே மாதமும் ஜூன் மாதமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன.

பனி உருகிய பிறகு நடப்பதுதான் விந்தை. சைபீரியாவின் வடக்கு நுனியில் தைமீர் என்னும் தீபகற்பம் இருக்கிறது. மரமே இல்லாத தூந்திரப் பிரதேசம். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் பனியையும் மழையையும் சேர்த்தால் தஞ்சாவூர் மழையில் பாதி கூட வராது. ஆனாலும் கோடையில் கண்ணுக்கு எட்டிய தூரம் சதுப்பும் குட்டையுமாக இருக்கிறது. எப்படி? உங்கள் வயலை நினைத்துப் பாருங்கள். சேற்றுழவு ஓட்டித் தொளி கலக்குவது எதற்கு? கீழ்மண் இறுகி, கட்டிய தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும் என்பதற்கு. தூந்திரத்தில் அந்த வேலையை உறைமண் செய்கிறது. மேலே ஓரிரு சாண் முதல் இடுப்பளவு வரை மண் இளகுகிறது. அதன் கீழே பல நூறு அடிக்கு ஆண்டு முழுவதும் கல்லாக உறைந்த மண். தண்ணீர் இறங்க வழி இல்லை, ஆவியாகிப் போக வெப்பமும் போதவில்லை. உழவன் இல்லாத ஒரு மாபெரும் நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் கொசுவும் பூச்சியும் புழுவும் கோடிக் கணக்கில் பிறக்கின்றன. கறுக்காத பகல் வேறு. எந்த நேரமும் இரை தேடலாம்.

ஆகஸ்ட் கடைசியில் இது முடிகிறது. அங்குள்ள பூர்ச்ச மரம் முழங்கால் உயரம் கூட இராது. அதன் இலைகளும் தரையோடு படரும் செடிகளும் ஒரே வாரத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் மாறுகின்றன. பச்சையத்தைச் சிதைத்து, இலையில் உள்ள சத்தை வேருக்கும் தண்டுக்கும் எடுத்துக்கொண்டு செடி கடையைக் கட்டுகிறது. செப்டம்பரில் மறுபடியும் பனி. அதே செப்டம்பர் நடுவில்தான் ஆர்க்டிக் கடலின் பனிப்பரப்பு ஆண்டிலேயே மிகக் குறைவாக இருக்கும். 1980களில் அது ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்தது. 2012 செப்டம்பரில் 34 லட்சத்துக்கு இறங்கியது. செயற்கைக் கோள்கள் அளக்கத் தொடங்கிய பின் கண்ட மிகக் குறைந்த அளவு அதுவே. பனி போன இடத்தில் கறுத்த கடல் தெரிகிறது. பனி திருப்பி அனுப்பிய ஒளியைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. மேலும் சூடு, மேலும் உருகல். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இங்கே சுற்றுலாவுக்கு வருகிறேன். 2016ல் இரு விஞ்ஞானிகள், பல ஆண்டு அளவீடுகளைக் கொண்டு ஓர் எளிய விகிதம் கண்டுபிடித்தார்கள். நாம் காற்றில் விடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் செப்டம்பர் மாத ஆர்க்டிக் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் குறைகிறது. சென்னையிலிருந்து ஸ்வால்பார்டுக்குப் போய்த் திரும்பும் ஒரு விமானப் பயணி தன் பங்குக்கு ஏறத்தாழ இரண்டு டன் வாயுவை விடுகிறார் என்று தோராயமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆக 6 சதுர மீட்டர். ஒரு வீட்டுத் திண்ணை அளவு. பனியைப் பார்க்கப் போகிறவர் ஒரு திண்ணைப் பனியைக் கரைத்துவிட்டு வருகிறார். கப்பல் எரித்த எண்ணெய் தனிக் கணக்கு. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் திண்ணை அளவு விலை கொடுத்துப் போகிறவர், கரடியோடு நின்று படம் எடுத்துக்கொள்வதைவிட மேலான வேலை ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

சரி, வேதாரண்யம் எதற்கு?

ஆர்க்டிக் கோடை முடிந்தவுடன் அந்தத் தூந்திரத்துப் பறவைகள் எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். விடை உங்கள் வயல் வரப்பில் நிற்கிறது. கார்த்திகை மாதத்தில் சம்பா வயலில் ஒற்றை ஒற்றையாக நின்று, ஆள் நெருங்கினால் கீச்சென்று கத்திப் பறக்கும் உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் பொரி தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது பொரி உள்ளான்; வடக்கே தூந்திரத்தை ஒட்டிய சதுப்புகளில் பிறந்தது. அறுத்த வயலில் கூட்டமாக ஓடி ஓடி நிற்கும் பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியத் தூந்திரத்திலேயே முட்டையிடுகிறது. வேதாரண்யத்தைத் தாண்டிக் கோடியக்கரைச் சேற்றுப் பரப்புக்குப் போனால் ஆயிரக் கணக்கில் காணலாம். அங்கே ஓடும் கொசு உள்ளானின் எடை மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான். அதன் பக்கத்தில் சற்றுப் பெரிதாக, அலகு நுனி கீழ்நோக்கி வளைந்து நிற்பது வளைமூக்கு உள்ளான். அது பிறந்த ஊர் தைமீர்.

தூரத்தை நீங்களே கணக்கிடலாம். தைமீர் சுமார் 75 பாகை. கோடியக்கரை 10 பாகைக்குச் சற்று மேல். வித்தியாசம் 65 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 7,200 கிலோமீட்டர் ஆகிறது. இது நேர்கோட்டுக் கணக்கு; பறவை வழியில் இறங்கி இரை தேடி வருவதால் உண்மையில் இன்னும் கூடும். இவை இங்கே வரும் செய்தி எப்படித் தெரிந்தது? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டுவருகிறார்கள். டாக்டர் சாலிம் அலி ஊன்றிய வேலை. அப்படி இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் முன்னாள் சோவியத் நாட்டுப் பகுதிகளில் கிடைத்தபோதுதான் பாதை புலப்பட்டது.

வளைமூக்கு உள்ளானின் ஆண்டுக் குறிப்பை நம் உழவுக் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் உள்ள ஆண்டில் ஜூன் 12ல் மேட்டூர் அணையின் மதகு திறக்கிறது. அந்த நாள்களில்தான் தைமீரில் பனி விலகிய திட்டுகளில் பெட்டை நான்கு முட்டை இடுகிறது. ஆண் பறவை குடும்பப் பாரம் எதையும் சுமப்பதில்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடுகிறது. நம் வயலில் குறுவை பச்சை பிடிக்கும்போது அங்கே குஞ்சு பொரிக்கிறது. பொரித்த நாள் முதலே குஞ்சு தானாகப் பூச்சி பிடித்துத் தின்கிறது. அது பறக்கத் தெரிந்துகொண்டதும் தாயும் கிளம்பிவிடும். ஆகஸ்டில் கடைசியாகப் புறப்படுவது குஞ்சுகள்தான். தகப்பனும் இல்லை, தாயும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. பிறந்து இரண்டு மாதம் ஆகாத பறவை, ஒரு தரமும் பார்த்திராத கடற்கரையை நோக்கி வருகிறது. சம்பா நடவு முடியும்போது அது கோடியக்கரைச் சேற்றில் நிற்கிறது.

இதில் விஞ்ஞானிகள் கண்ட ஒரு தொடர்பு என்னைப் பெரிதும் கவர்ந்தது. தூந்திரத்தில் லெம்மிங் என்றொரு எலி வகை உண்டு. சில ஆண்டுகளில் அது பெருகித் தள்ளும். அடுத்த ஆண்டில் காணாமலே போகும். ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று. எலி மலிந்த ஆண்டில் ஆர்க்டிக் நரி எலியைத் தின்று வயிறு நிரப்பிக்கொள்ளும். உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். எலி இல்லாத ஆண்டில் நரியின் கண் முட்டை மீதும் குஞ்சு மீதும் விழும். அந்த இலையுதிர் காலத்தில் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவையே அரிதாக இருக்கும். ஆகவே, அக்டோபரில் ஒரு கூட்டத்தில் எத்தனை இளம் பறவை, எத்தனை முதிர்ந்த பறவை என்று எண்ணினால், 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஜூலையில் எலி விளைச்சல் எப்படி என்று கோடியக்கரையில் நின்றபடியே சொல்லலாம்! இந்தச் சுற்று, பருவநிலை மாறும் இக்காலத்தில் பல இடங்களில் ஒழுங்கு குலைந்துவருகிறது. அதனால் எண்ணுவதன் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இன்னொரு சான்று. தைமீரில் பனி முன்பைவிடச் சீக்கிரம் உருகுகிறது. பூச்சிகளும் முன்கூட்டியே பெருகி ஓய்ந்துவிடுகின்றன. நாட் என்னும் வேறொரு வகை உள்ளானின் குஞ்சுகள் பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி ஆகிவிட்டன. பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்தவை உடல் சிறுத்து, அலகும் குட்டையாக இருந்தன. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும் சிப்பியை அந்தக் குட்டை அலகு எட்டவில்லை, பல செத்தன. 2016ல் வெளியான ஆய்வு இது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், துருவத்தில் பிறந்த கேட்டின் முடிவு வெப்ப நாட்டுச் சேற்றில்தான் தெரியவந்தது. ஆர்க்டிக்கை அளக்க ஆர்க்டிக்குக்கே போக வேண்டும் என்பதில்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

நம் டெல்டாவில் சாலையோரத்தில் உள்ளானையும் கொக்கையும் கால் கட்டிப் போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் வீட்டில் சாப்பிட்டும் இருப்பீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் வேலை இல்லை, கணக்கைக் காட்டுகிறேன். வளைமூக்கு உள்ளான் சுமார் 60 கிராம். இறகும் எலும்பும் குடலும் போனால் மிஞ்சுவது ஒரு கோழி முட்டையின் எடைக்கும் குறைவு. ஒரு முட்டைக்காக, தாய் தகப்பன் இல்லாமல் ஏழாயிரம் கிலோமீட்டர் வந்த பிள்ளையைச் சட்டியில் போடுகிறோம். உடம்புக்கு நல்லது என்கிறார்கள். ஒரு கிண்ணம் சுண்டல் இதைவிட நல்லது. வலை போடுகிறவன் ஏழை. அவனைத் திட்டி ஆவதில்லை. வாங்குகிறவர் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தி விலை பேசும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள் "வேண்டாம் அப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால், பல போஸ்டர்கள் செய்யாததை அது செய்யும்.

வேட்டை மட்டும் காரணம் அல்ல. காவிரித் தண்ணீர் கடைமடைக்குக் குறைந்ததால் வேதாரண்யம் சதுப்பில் உப்பு ஏறிவிட்டது. உப்பளங்களும் இறால் பண்ணைகளும் பரவின. சீமைக் கருவேலம் மண்டியது. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறி, கோடியக்கரைக் காட்டைச் சூறையாடியதை உங்கள் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் இங்கு வரும் சேற்றுப் பறவைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்திருக்கிறது. 2024ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வளைமூக்கு உள்ளானை, அழியும் அபாயம் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 1967லேயே சரணாலயமும் 2002லேயே ராம்சார் சதுப்பு நிலமும் ஆகிவிட்ட ஊர் நம் கோடியக்கரை. பலகை மட்டும் பறவையைக் காப்பாற்றுவதில்லை.

நம் பள்ளிகள் ஆண்டுதோறும் சுற்றுலா போகின்றன. எங்கே? தண்ணீரில் சறுக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு. இல்லாவிட்டால் ஊட்டி, கொடைக்கானல். பஸ்ஸில் இரண்டு இரவு, பாட்டு, வாந்தி, ஒரு சாக்லெட் பொட்டலம். தஞ்சையிலிருந்து கோடியக்கரை நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே காலையில் போய் இரவு வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் நான் கல்லூரியில் முதலாண்டு வகுப்பில் கேட்கும்போது கோடியக்கரை போனவர்கள் ஐந்தாறு கைக்கு மேல் உயர்வதில்லை. அவர்களிலும் பாதிப் பேர் ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போடப் போனவர்கள்! சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு நாள் கோடியக்கரை என்று டெல்டாவின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் வைத்துக்கொண்டால் போதும். விஞ்ஞான ஆசிரியரும் பூகோள ஆசிரியரும் சேர்ந்து போக வேண்டும். அங்கே எடுக்கும் கணக்கைப் பள்ளியில் ஒரே நோட்டில் ஆண்டுதோறும் தொடர்ந்து எழுத வேண்டும். ஒரு வகுப்பு எடுத்த கணக்கு வெறும் எண். பத்து வகுப்புகள் பத்து ஆண்டு எடுத்தால் அது ஆராய்ச்சிக்குப் பயன்படும் செல்வம்.

"அப்படியானால் நாங்கள் வடதுருவத்துக்குப் போகவே கூடாதா?" என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டும். நான் முதலில் சொன்ன நி-ஆலசுன் ஊரில் நம் நாட்டுக்கு ஒரு வீடு இருக்கிறது, தெரியுமா? இந்திய விஞ்ஞானிகள் 2007ல் முதன்முதலாக அங்கே சென்றார்கள். 2008 ஜூலை 1ல் ஹிமாத்ரி என்ற நம் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 2014ல் அங்குள்ள ஃபியோர்டு எனப்படும் கடற்கழியின் ஆழத்தில் நம் கருவிகளை இறக்கினார்கள். 2023 டிசம்பரில், சூரியனே எழாத துருவ இரவிலும் நம் குழு ஒன்று அங்கு தங்கி வேலை செய்யத் தொடங்கியது. கோவாவில் உள்ள தேசியத் துருவ ஆராய்ச்சி மையம் இவற்றையெல்லாம் நடத்துகிறது. பௌதிகம், வேதியியல், உயிரியல், நில இயல் எதைப் படித்தவர்க்கும் அங்கே வேலை இருக்கிறது. பனி உருகுவதற்கும் நம் பருவ மழைக்கும் என்ன தொடர்பு என்பது அங்கே ஆராயப்படும் கேள்விகளில் ஒன்று. மழையை நம்பி வாழும் கடைமடைக்காரன் பிள்ளை அந்தக் கேள்வியோடு போனால், திண்ணைப் பனி கரைந்தாலும் தகும்.

நேரில் போனால்தான் கிடைக்கும் அனுபவங்கள் இருக்கின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நள்ளிரவில் மஞ்சள் வெயில் முகத்தில் அடிப்பதும், பனிப்பாறை உடைந்து விழும் ஓசையும் கோடியக்கரையில் கிடைக்காது. கோடியக்கரையில் கிடைப்பது வேறு. துருவத்துக் கோடை தந்த விளைச்சல் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கு அங்கே கிடைக்கிறது.

எப்போது போவது? காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் மிகப் பொருத்தம். வளைமூக்கு உள்ளானின் கால் குட்டை. நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள சேற்றில்தான் அது மேய முடியும். வடகிழக்குப் பருவ மழை பிடித்துச் சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்டால் சிறு உள்ளான்கள் ஆழம் குறைந்த இடம் தேடிக் கலைந்துவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் இளம் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும். மழைக்குப் பின், டிசம்பர் ஜனவரியில், பூநாரை பார்க்க இன்னொரு முறை போகலாம். அது வேறு விருந்து. வனத்துறை அலுவலகத்தில் தலைமை ஆசிரியர் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வகுப்புக்கு ஒரு இருகண் நோக்கி இருந்தால் போதும், முறை வைத்துப் பார்க்கலாம்.

இளம் பறவையை அடையாளம் காண்பது எளிது. அதன் முதுகு இறகுகள் புதியவை. ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு இருப்பதால் முதுகு மீன் செதில் போலத் தோன்றும். முதிர்ந்தவற்றின் இறகு பழசாகித் தேய்ந்திருக்கும். சிலவற்றின் வயிற்றில் கோடையில் அணிந்த செங்கல் சிவப்பின் மிச்சம் திட்டுத் திட்டாகத் தெரியும். நூறு பறவை எண்ணுங்கள், அதில் இளம் பறவை எத்தனை என்று எழுதுங்கள். வேறு ஒரு கூட்டத்தில் இன்னொரு நூறு. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள், அழிக்காதீர்கள். கல் எறிந்தோ கை தட்டியோ கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுக்காதீர்கள். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் செலவு, ஏப்ரலில் திரும்பிப் போக அந்தக் கொழுப்புதான் எரிபொருள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ கண்டால் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொண்டு பம்பாய்க் கழகத்துக்கு எழுதுங்கள்.

நோட்டின் முதல் வரியில் தேதி, நேரம், இடம், தண்ணீரின் ஆழம். இரண்டாவது வரியில் முதிர்ந்தவை இத்தனை, இளசுகள் இத்தனை. அந்த இரண்டு வரியை ஒரு தபால் அட்டையில் எழுதி இந்தப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். எத்தனை பள்ளியிலிருந்து வந்தாலும் ஒரே அட்டவணையாகப் போட்டு அச்சிட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்கிறேன்.